கல் மண்டபமும் கபுர் வரிசையும்

தமிழில் 'பள்ளி' என்னும் சொல் எண்ணுந்தோறும் இன்பம் தருவது. பயிலும் இடமும் பள்ளி. துயிலும் இடமும் பள்ளி. சமண பௌத்தத் துறவியர் உறைந்த இடமும் பள்ளி. இந்நாட்டில் இஸ்லாம் வேரூன்றிய நாளில், நம் முன்னோர் தாம் தொழும் இடத்துக்கு வேற்றுச் சொல்லொன்றைத் தேடி அலையவில்லை. ஊரில் வழங்கிய சொல்லையே எடுத்துப் 'பள்ளிவாசல்' என்றனர். நம் பழைய பள்ளிகளுக்குள் நுழைந்து பார்ப்போர், அச்சொல்லின் பொருள்கள் பலவும் ஒரே மதிலுக்குள் கூடியிருக்கக் காண்பர். ஒரு பக்கம் சிறார் குர்ஆன் ஓதும் திண்ணை. நடுவே தொழும் கூடம். அதனையொட்டி ஊரார் துயிலும் மையவாடி.

இறப்பைத் துயில் என்று சொல்வது தமிழர்க்குப் புதிதன்று. சோழ மன்னர் மாண்டார் என்று பொறிக்கக் கல்வெட்டு எழுதினோர் கூசினர். 'துஞ்சினார்' என்றே பொறித்தனர். அரிஞ்சய சோழனுக்கு 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்பதே பெயராயிற்று. அவன் நினைவாக, அவன் பேரன் முதலாம் இராசராசன் மேற்பாடியில் எடுப்பித்த கற்றளி இன்றும் நிற்கிறது. இவ்வாறு மறைந்த மன்னர்க்காக எடுக்கப்பட்ட கோயில்களைப் பள்ளிப்படை என்பர். அரபியிலும் 'மர்கத்' எனின் துயிலிடம். அடக்கத்தலத்துக்கும் அதுவே பெயர். கிரேக்கத்திலிருந்து ஆங்கிலம் பெற்றுக்கொண்ட 'செமிட்டரி' என்னும் சொல்லுக்கும் மூலப்பொருள் துயிலிடமே. மொழிகள் பல, மனித நெஞ்சம் ஒன்று.

துயில்வோர்க்குக் கட்டடம் வேண்டியதில்லை. அவர்க்கு வேண்டுவது ஆறடி மண். அங்ஙனமாயின் மையவாடியின் வாயிலில் எழும் கட்டடம் எவருக்காக? அது நின்று தொழவேண்டிய உயிருள்ளோர்க்காக. இதனை மனத்திற்கொண்டு நோக்கினால், அக்கட்டடக் கலையின் நுட்பமெல்லாம் தாமே விளங்கும்.

ஜனாஸாத் தொழுகையின் அமைப்பைச் சற்றே நினைவுகூர்வோம். அதில் ருகூவு இல்லை, சுஜூது இல்லை, அமர்வும் இல்லை. நான்கு தக்பீர்களும் நின்ற நிலையிலேயே முடிகின்றன. நெற்றி நிலத்தில் படாமையால், பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே நெடிய இடைவெளி வேண்டா. ஐவேளைத் தொழுகையில் இரண்டு வரிசை நிற்கும் இடத்தில் இங்கே மூன்று, நான்கு வரிசைகள் நிற்கலாம். வருவோர் சிலரேயாயினும் மூன்று வரிசைகளாக நிற்பது விரும்பத்தக்கது என்பர் நூலோர். முன்னே சந்தூக்கு வைக்க ஓரிடம். அதன் பின் இமாம். அவர் பின்னே மக்கள். ஆக, சிறிய கூடம் போதும். ஆனால் அது அகன்றிருக்கவேண்டும். ஆழம் குறைந்து அகலம் மிகுந்த மண்டபமே இதற்கு ஏற்றது.

ஷாஃபிஈ மத்ஹபினர் ஜனாஸாவைப் பள்ளிக்குள்ளேயே வைத்துத் தொழுவர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு அவர்க்குச் சான்று. ஹனஃபீ மத்ஹபினர் பள்ளிக்குள் வைப்பதை விரும்பார். ஆதலின் அவர்கள் ஊர்களில் வெளித்தாழ்வாரமோ, திடலோ, தனி மண்டபமோ இதற்கென அமைந்தது. சட்ட நூலில் ஒரு வரி மாறினால் கட்டடத்தில் ஒரு சுவர் மாறுகிறது. கொத்தனார் அறியாமல் ஃபிக்ஹு கட்டடத்தில் புகுந்துகொள்கிறது.

இனித் திசையைக் கூறுவோம். நம் நாட்டில் கிப்லா மேற்கு. கபுரில் மையித்தை வலப்பக்கம் சாய்த்து, முகம் கிப்லாவை நோக்கக் கிடத்துகிறோம். ஆகவே தலை வடக்கு, கால் தெற்கு, முகம் மேற்கு. தொழுவோரின் வரிசையோ வடக்கு தெற்காக நீண்டு மேற்கு நோக்கி நிற்கிறது. உள்ளே நிற்போரின் வரிசையும் வெளியே துயில்வோரின் வரிசையும் ஒரே போக்கில் ஓடுகின்றன. முகங்கள் ஒரே புறம் திரும்பியிருக்கின்றன. மேலப்பாளையத்தில் கைத்தறி கோலோச்சிய காலத்தில் தெருநெடுகப் பாவு விரித்திருப்பார்கள். இழையோடு இழை பிறழாமல் கிடக்கும். பழைய மையவாடியைப் பள்ளியின் தாழ்வாரத்திலிருந்து நோக்கும்போது நமக்கு அப்பாவுதான் நினைவுக்கு வரும். மாண்டவர் ஜமாஅத்தை விட்டு நீங்கவில்லை. பின்வரிசைக்குச் சென்றிருக்கிறார், அவ்வளவே.

இங்கே ஓர் இடர்ப்பாடும் உண்டு. கபுரை முன்னோக்கித் தொழுதல் கூடாது என்பது மார்க்கக் கட்டளை. மையவாடியும் குளியலறையும் நீங்கலாகப் பூமி முழுவதும் தொழுமிடம் என்னும் நபிமொழியையும் நம் மதரஸா மாணவர் அனைவரும் ஓதியிருப்பர். எனினும், பள்ளியைப் பெருக்கிவந்த எளிய பெண்மணி ஒருவர் இரவில் மறைந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்கப்படாமலே அடக்கப்பட்டபோது, பெருமானார் அவர் கபுரைத் தேடிச் சென்று தொழுதார்கள். விலக்கும் உண்டு, அவ்விலக்கினூடே இரக்கமும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும்படி கட்டடம் அமையவேண்டும்.

இதனை முன்னோர் எவ்வாறு தீர்த்தனர் என்பதற்கு மதீனாவே முதற்சான்று. பெருமானார் அடங்கியது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில். உமையா கலீஃபா வலீதின் காலத்தில், ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில், மஸ்ஜிதுந் நபவீ விரிவாக்கப்பட்டபோது அவ்வறை பள்ளியின் எல்லைக்குள் வந்துவிட்டது. அந்நாளில் மதீனாவின் ஆளுநராயிருந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அறையைச் சுற்றி ஐங்கோணச் சுவர் எழுப்பச் செய்தார்கள். மதீனாவில் கிப்லா தெற்கு. வடக்கே நின்று தொழுவோர்க்கு நேரான சுவர் எதிர்ப்படாதவாறு, வடபுறத்துச் சுவர்கள் இரண்டும் சாய்ந்து ஒரு முனையில் கூடுமாறு அமைக்கப்பட்டன. கஅபாவின் சதுர வடிவையும் அது ஒத்திராது. ஒரு மூலைச் சுவரால் மார்க்கக் கட்டளை காக்கப்பட்டது. ஆக்ராவின் தாஜ்மகாலிலும் இந்த நுட்பத்தைக் காணலாம். அங்கே பள்ளிவாசல் கல்லறைக்கு மேற்கே நிற்கிறது. தொழுவோரின் முதுகுப்புறத்தில்தான் மும்தாஜின் அடக்கம்.

நம் தென்பாண்டிச் சீமையில் இதனை அழகுற விளக்குவது கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளி. கிழவன் சேதுபதி இராமநாதபுரத்தை ஆண்ட பதினேழாம் நூற்றாண்டில், வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயரின் ஆதரவில் அது எழுந்தது என்பர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்னும் வழக்கை அறியாத தமிழர் இல்லை. அவ்வள்ளலின் அடக்கம் அங்கேயே. காயல்பட்டினத்தில் தோன்றிக் கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் அடக்கமும் அப்பள்ளியையொட்டியே. வித்ரிய்யாக் கஸீதாவுக்குத் தக்மீஸ் பாடிய அப்பெருமகனாரின் பெயரால்தான் 1971ஆம் ஆண்டு முதல் நம் பாளையங்கோட்டையில் கல்லூரி நடைபெற்று வருகிறது. நம் பிள்ளைகள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர் அது.

அப்பள்ளியை நாம் மாணவர்களுடன் சென்று கண்டிருக்கிறோம். வெளிநாட்டுப் படங்களில் கும்மட்டமும் மினாராவும் கண்டு பழகிய மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இது கோயில் மண்டபம் போலல்லவா இருக்கிறது?" என்றார். அவர் கண் பிழைக்கவில்லை. கருங்கல் தூண்கள், தூணின் தலையில் போதிகை, போதிகை மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் பாவிய தட்டையான கற்கூரை. சேதுநாட்டுக் கற்றச்சர் தம் தந்தை பாட்டனாரிடம் கற்ற தொழில் அது. அதே கை, அதே உளி. மனித உருவும் விலங்குருவும் மட்டும் இல்லை; அவற்றின் இடத்தைப் பூவும் கொடியும் கோலமும் நிரப்பின. கட்டுவித்தவர் தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. கட்டியவர் தம் கலையை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் மாசுபடாமல் ஒரு தூணில் சந்தித்தன.

இச்சந்திப்புக்குத் திசையும் துணைசெய்தது. நம் பக்கத்துச் சிவாலயங்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை. வாயில் கிழக்கே, கருவறை மேற்கே. கிழக்கே புகுந்து மேற்கு நோக்கிச் செல்லும் மண்டபம் தச்சருக்குக் கைவந்த ஒன்று. பள்ளிக்கும் அதுவே வேண்டியிருந்தது: வாயில் கிழக்கே, மிஹ்ராபு மேற்கே. சந்தூக்கைக் கிழக்கு வாயிலால் கொணர்ந்து நேரே முன்னே வைக்கலாம். எங்கும் திருப்ப வேண்டியதில்லை.

கல்லின் இயல்பு ஒன்றையும் சொல்லவேண்டும். கற்பலகை தன் பாரத்தையே நெடுந்தொலைவு தாங்காது, நடுவில் விரிந்துவிடும். ஆதலின் தூண்கள் நெருங்கி நிற்கவேண்டும். தூண்களுக்கிடையே வரிசை அறுபடுதல் விரும்பத்தக்கதன்று என்பது நாம் ஓதிய பாடம். தேர்ந்த தச்சரோ தூண்களையே வடக்கு தெற்காக வரிசைப்படுத்தி, ஒரு தூண் வரிசைக்கும் அடுத்த தூண் வரிசைக்கும் இடையில் மக்கள் அறுபடாமல் நிற்குமாறு செய்துவிடுகிறார். கல் விதித்த அளவு தொழுகை வரிசையின் அளவாகிவிடுகிறது. நூலோதாத கைகள் செய்த ஃபிக்ஹு இது.

கீழக்கரை தனித்து நிற்பதன்று. மதுரையில் வைகையின் வடகரையிலுள்ள கோரிப்பாளையம் தர்காவைக் காண்க. 'கோர்' எனின் பாரசீகத்தில் கபுர்; ஊரின் பெயரே கபுரின் பெயர். வீரப்ப நாயக்கர் காலத்துக் கல்வெட்டு ஒன்று அதற்குரிய மானியத்தை உறுதிசெய்து நிற்பது, அந்நாளைய அரசர்தம் நடுவுநிலைக்குச் சான்று. நம் ஊரைத் தழுவிச் செல்லும் தாமிரபரணி கடலோடு கலக்கும் பக்கத்தில் காயல்பட்டினம் இருக்கிறது. அங்குள்ள பழைய பள்ளிகளிலும் கல் தூண்களையும் அரபு எழுத்துப் பொறித்த மீஸான் கற்களையும் காணலாம். 'மீஸான்' எனின் தராசு. தலைமாட்டில் நட்ட கல்லுக்கு அப்பெயரிட்ட முன்னோரின் மனத்தை என்னென்பது! கல்லைப் பார்ப்பவன் நாளைத் தராசை நினைக்கட்டும் என்றல்லவா?

அண்டையிலிருப்போரையும் நோக்குவோம். பாளையங்கோட்டையில் 1785ஆம் ஆண்டு ஸ்வார்ட்ஸ் பாதிரியாரால் அர்ப்பணம் செய்யப்பட்ட சிறிய தேவாலயம் ஒன்றுண்டு. தஞ்சையிலிருந்து வந்து கிறித்தவம் தழுவிய குளோரிந்தா என்னும் அந்தணக் கைம்பெண் கட்டுவித்தது. ஊரார் அதனைப் 'பாப்பாத்தி அம்மாள் கோயில்' என்றே வழங்கினர். கட்டுவித்த அம்மையாரின் அடக்கமும் அதன் அருகிலேயே. பெருங்கோபுரங்கள் பல பின்னாளில் அந்நகரில் எழுந்தன. எனினும் இச்சிறு கட்டடத்தை அச்சமூகத்தார் இடித்துப் பெரிதாக்காமல் வைத்திருக்கின்றனர். சமயம் வேறு, ஆனால் தொழுமிடமும் துயிலிடமும் அருகருகே இருக்கவேண்டும் என்னும் எண்ணம் வேறன்று. பழையதைப் பேணும் பண்பை எவரிடமிருந்தும் கற்கலாம்.

இனி நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருவோம். நெல்லைச் சீமையில் ஓர் ஊர்; பெயர் வேண்டா. அவ்வூர் மையவாடியின் வாயிலில் கல் மண்டபம் ஒன்றிருந்தது. எட்டுத் தூண்கள், கற்கூரை, கிழக்கே மூன்று படி. உள்ளே கபுர் எதுவும் இல்லை. ஜனாஸா வைத்துத் தொழுவதற்கென்றே அமைந்தது. அதனை என்செய்வது என்று ஜமாஅத்தார் கூடியபோது நம்மையும் அழைத்திருந்தனர். ஒரு சாரார், "மையவாடியில் கட்டடமே கூடாது, இடிக்கவேண்டும்" என்றனர். மற்றொரு சாரார், "இது பழசு, சிறிசு, இடித்துவிட்டு மினாராவோடு பெரிதாகக் கான்கிரீட்டில் கட்டவேண்டும்" என்றனர். மார்க்கத்தில் எதிரெதிர் நின்ற இரு சாராரும் கடப்பாரையில் ஒன்றுபட்டனர்.

நாம் சொன்னது இது. கபுரின் மேல் கட்டுவதையும் காரை பூசுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது உண்மை. பொது மையவாடியில் கபுரின் மேல் கட்டுவது ஹராம் என்றும், சொந்த நிலத்தில் மக்ரூஹ் என்றும் இமாம் நவவீ (ரஹ்) பிரித்துரைத்திருக்கிறார்கள். பெரியார்களின் அடக்கத்தலங்களைப் பற்றிப் பின்வந்தோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜன்னத்துல் பகீஃயின் கும்மட்டங்கள் 1926ஆம் ஆண்டு இடிக்கப்பட்டபோது உலகெங்கும் எழுந்த வாதம் இன்னும் ஓயவில்லை. அவ்வாதத்தில் எப்பக்கம் நிற்பவராயினும், இம்மண்டபத்தை அது தொடாது. இது கபுரின் மேல் எழுந்ததன்று. மழையிலும் வெயிலிலும் மையித்தைச் சுமந்து வருவோர் நிற்க எழுந்த நிழல். பெரிது வேண்டுமாயின் இதன் கிழக்கே ஓலைக் கூரையோ தகரக் கூரையோ நீட்டிக்கொள்ளுங்கள். கல்லைத் தொடாதீர்கள்.

கேட்டுக்கொண்டார்கள், தேநீர் தந்தார்கள், இடித்துவிட்டார்கள். ஒரு தூணில் அரபு எழுத்தில் ஆண்டு பொறித்திருந்தது. சுண்ணாம்புப் பூச்சின் கீழ் பாதி மறைந்திருந்த அதனைப் படியெடுத்துக்கொள்ள இசைவு கேட்டோம். "நாளை வாருங்கள்" என்றனர். மறுநாள் தூண் இல்லை. இன்று அத்தூண்களுள் இரண்டு வாய்க்கால் படித்துறையில் துணி துவைக்கும் கற்களாகக் கிடக்கின்றன; எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்பார் இல்லை.

புதிய கூடம் எழுந்தது. வாயில் சாலையைப் பார்க்கவேண்டும் என்று வடக்கே வைத்தார்கள். ஆகவே சந்தூக்கை உள்ளே கொணர்ந்து ஒரு முறை திருப்பவேண்டியிருக்கிறது. சுமப்போர் தோள் மாற்றித் தடுமாறுவதை ஒவ்வொரு ஜனாஸாவிலும் காண்கிறோம். நீளத்தை மேற்காக ஓட்டி அகலத்தைக் குறைத்துவிட்டார்கள். முதல் வரிசையில் பன்னிருவர்க்கு மேல் நிற்க இயலவில்லை. எண்கோண மினாரா மட்டும் தொலைவிலிருந்தே தெரிகிறது. துயில்வோர்க்கு அது தெரியாது. தொழுவோர்க்கு அது உதவாது.

பழைய கற்கள் அழகுக்காக மட்டும் காக்கப்படவேண்டியவை அல்ல, அவை சாட்சிகள். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நம் பகுதியிலிருந்து கிப்லா நேர்மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே சாய்ந்தது. பழைய மையவாடி ஒன்றில் கபுர்களின் சாய்வை வரிசை வரிசையாக அளந்தால், அவ்வூரார் எந்நாளில் நேர்மேற்கை நோக்கினர், எந்நாளில் கணக்கறிந்து திரும்பினர் என்பதைப் படிக்கலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரலாறு அது. ஊரில் எவரேனும் 'ஃபலக்' கலை பயின்று வந்தனரா, கப்பலோட்டிகளிடம் திசையறி கருவி இருந்ததா என்பதற்கெல்லாம் அங்கே குறிப்பிருக்கலாம். மண்ணை மட்டப்படுத்திக் கல்லை அகற்றினால் அந்த ஏடு எரிந்ததாகும்.

ஆகவே மஹல்லாப் பெரியவர்களுக்குச் சில சொல்லத் துணிகிறோம். கல் தூணுக்கு எனாமல் வண்ணம் பூசாதீர்கள். சுண்ணாம்புக் கட்டடத்தின் மேல் சிமெண்டுப் பூச்சு இடாதீர்கள். சுண்ணாம்பும் மணலும் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் கூடிய பழைய சாந்து ஈரத்தை வாங்கி வெளிவிடும். சிமெண்டு அதனை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தோடு உப்பும் சேர்ந்து கல்லின் முகத்தைப் பொரிந்து விழச்செய்யும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் விரைந்து நடக்கும். எழுத்துள்ள கல் எதுவாயினும், அதனை அசைப்பதற்கு முன் நிழற்படம் எடுங்கள். ஈரத்தாளை ஒற்றிப் படியெடுங்கள். அரபுத் தமிழ் அறிந்தோரை அழையுங்கள். மீஸான் கற்களிலுள்ள பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதிப் பள்ளியில் வையுங்கள். புதிய கூடம் கட்டுவதாயின், முதலில் சந்தூக்கு வரும் வழியைக் கோடிட்டுப் பாருங்கள். பிறகு முதல் வரிசையில் எத்தனை பேர் நிற்பர் என்று எண்ணுங்கள். மினாராவைப் பற்றி அதன் பின் பேசலாம்.

கபுர் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்திருந்தால் போதும் என்றது நம் மார்க்கம். அதனருகே நிற்கும் மண்டபமும் தன் அளவறிந்து நிற்றல் வேண்டும். பெரிதாக நின்று இறந்தோரை மறைத்துவிடக் கூடாது. இல்லாமற்போய் இருப்போரை மழையில் நிறுத்திவிடவும் கூடாது. கீழக்கரையின் தச்சர்கள் அந்த அளவை அறிந்திருந்தார்கள். அவர்கள் நிறுத்திய தூண்களுக்கிடையே நம் பாட்டனார் தலைமுறைகள் தோளோடு தோள் நின்று நான்கு தக்பீர் சொல்லிப் பின்பு ஒவ்வொருவராக வெளி வரிசைக்குச் சென்றனர். நமக்கும் அங்கே இடமுண்டு. அதுவரையில், நமக்காக நிற்கப்போகிறவர்களின் தலைக்கு மேல் உள்ள கூரையை நாமே பிரித்துவிடாதிருக்க அல்லாஹ் நல்லறிவு தருவானாக.